இப்னு பதூதாவும் சிவனொளிபாத மலையும்

தமிழிலே ஆற்றுப்படை என்றொரு நூல்வகை உண்டு. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியிலே எதிர்ப்படும் வறியோனுக்குத் தான் சென்று வந்த நெறியை எடுத்துரைத்து, இன்ன ஊரில் இன்னார் இன்ன உணவு தருவர், இன்ன மலைச்சாரலில் இன்ன இடர் உண்டு என்று கூறி வழிப்படுத்துவதே அதன் இலக்கணம். பத்துப்பாட்டிலே சரிபாதி இவ்வகையைச் சார்ந்தது. அவற்றுள் மலைபடுகடாம் மலைவழிச் செல்வோர்க்கென்றே அமைந்தது போல, பன்றிக்கு வைத்த பொறியையும், பாம்பு கிடக்கும் இடத்தையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கின்றது. வேற்றுநிலம் காணச் செல்வோனுக்கு வழி சொல்ல ஒருவன் வேண்டும், இடையிடையே விருந்து புறந்தரும் மனை வேண்டும் என்பதை நம் முன்னோர் இலக்கிய மரபாகவே வகுத்து வைத்தனர்.

இக்காலத்தில் அண்டை நாடுகளைக் காண விழைவோர் பலர் ஒரு குழுவாகச் சேர்கின்றனர்; வழிகாட்டி ஒருவரை முன்னிட்டுக்கொண்டு, கோயில், விகாரை, பள்ளிவாசல், பாழடைந்த பழநகர் என ஒவ்வொன்றாகக் கண்டு மீளுகின்றனர். இது நம் காலத்துப் புதுவழக்கம் என்று கருதுவோர் உளர். யான் தமிழாசிரியனாய் வாழும் இச்சப்பிரகமுவ மலைநாட்டின் ஊடாகவே, ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர், அத்தகைய பயணம் ஒன்று நிகழ்ந்தது. பயணம் செய்தவர் மொரோக்கோ நாட்டு முஸ்லிம் அறிஞர். அவரை அனுப்பி வைத்தவன் தமிழ் மன்னன். வழிகாட்டிச் சென்றோர் யோகியரும் அந்தணரும். சென்றடைந்த இடமோ சிங்கள மன்னர் காத்த மலைமுடி. அப்பயணியின் பெயர் இப்னு பதூதா. அவர் வரலாற்றை, நம் மலையடிவாரத்தை நடுவாக வைத்து ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில், கடலோரத்தில் உள்ள தாஞ்சியர் என்னும் நகரிலே 1304ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் அவர் பிறந்தார். அவர் குடும்பம் காதியார் பலரைத் தந்த குடும்பம். காதியாராவார் இசுலாமிய நெறிப்படி வழக்குத் தீர்ப்போர். பதூதாவும் அச்சட்டக் கல்வியையே கற்றார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், 21 வயது இளைஞராய், மக்கா யாத்திரையை எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். உடன்செல்ல ஒருவருமில்லை, சேர்ந்துகொள்ள ஒரு வணிகக் கூட்டமும் இல்லை. பெற்றோரைப் பிரியும் துயரம் நெஞ்சை அழுத்தத் தனியே நடந்தார். அன்று புறப்பட்டவர் மீண்டும் சொந்த நாட்டை மிதித்தது 24 ஆண்டுகள் கழித்தே.

எகிப்து, சிரியா வழியாக மக்கா சேர்ந்து கடமையை நிறைவேற்றிய பின்னரும் அவர் கால்கள் ஓய்ந்தில. ஈராக்கும் பாரசீகமும் கண்டார். கடல் கடந்து கிழக்காபிரிக்கத் துறைமுகங்களாகிய மொகதிசு, மொம்பாசா, கில்வா ஆகியவற்றைக் கண்டார். துருக்கியரின் அனத்தோலியாவையும், மங்கோலியர் ஆண்ட புல்வெளிகளையும், கிறித்தவப் பேரரசின் தலைநகராய் விளங்கிய கொன்சுதாந்திநோப்பிளையும் கண்டார். இயன்றவரை சென்ற வழியே மீளலாகாது என்பது அவர் கொண்ட விரதம். 1333ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சிந்து நதியைக் கடந்து இந்தியா புகுந்தார். தில்லியில் அரசு வீற்றிருந்த முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாராக நியமித்து, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியமும் வழங்கினான். அம்மன்னன் ஒரு கையால் பொன்னை வாரி வழங்குவான். மறுகையால் உயிரைப் பறிப்பான். பதூதா இரண்டையும் அருகிருந்து கண்டார். ஒருமுறை அவன் ஐயத்துக்கு ஆளாகி உயிரச்சத்தோடு நாட்களைக் கழிக்கவும் நேர்ந்தது.

பின்னர் அம்மன்னனே அவரைச் சீனப் பேரரசனிடம் தூதராக அனுப்பினான். 1342இல் பெரும்பரிவாரத்தோடு தில்லியினின்று புறப்பட்ட தூது கோழிக்கோட்டுத் துறையிலே குலைந்தது. புயலில் மரக்கலம் உடைந்தது. பரிசுப் பொருள்களும் மாந்தரும் அழிந்தனர். வெறுங்கையோடு தில்லிக்கு மீள அஞ்சிய பதூதா மாலைதீவுக்குச் சென்றார். அங்கும் காதியாரானார், அரச குடும்பத்தோடு மணவுறவும் கொண்டார். ஆயினும் அமைச்சனோடு பகை மூண்டது. தீவுகளை விட்டு நீங்கியபோது, தமிழகத்துச் சுல்தானின் படையைத் துணைக்கொண்டு திரும்பிவரும் எண்ணமும் அவர் உள்ளத்தில் இருந்தது. இதனை அவரே தம் நூலில் மறையாது கூறியுள்ளார். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் குறையையும் கூறல் வேண்டும் என்பதனால் யானும் கூறினேன்.

1344ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களின் இறுதியில் அவர் ஏறிய கப்பல் மஅபர் நோக்கிச் சென்றது. சோழமண்டலக் கரையை அராபியர் அப்பெயரால் வழங்கினர். மாலுமிக்கு வழி தெரியவில்லை. ஒன்பது நாள் கடலில் அலைந்தபின் கண்ணுக்குத் தெரிந்தது தமிழகக் கரையன்று; வானிலே எழுந்த புகைத்தூண் போன்றதொரு மலை. அதுவே நம் சிவனொளிபாத மலை. கடலோடிகளுக்கு அக்காலத்தில் கலங்கரை விளக்கம் அதுவே.

கப்பல் கரையை அணுகியபோது மாலுமிகள் அஞ்சினர். அக்கரை ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது. அவன் கொடியன், கடலில் கப்பல்களைக் கொள்ளையிடுவோன் என்பது அவர்கள் கேள்வியுற்ற செய்தி. இச்சக்கரவர்த்தி யாழ்ப்பாண அரசின் மன்னன். முத்துக்குளிக்கும் கடலைத் தன் ஆணையில் வைத்திருந்தவன். காற்றோ பெருகியது. பதூதா தாமே முன்வந்து, தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறும், மன்னனிடம் அபயம் பெற்று வருவதாகவும் கூறினார். கரையிலே எதிர்ப்பட்டோரிடம், தாம் மஅபர்ச் சுல்தானின் மைத்துனர் முறையினர் என்றும், மன்னனைக் காணவே வந்ததாகவும் சொன்னார். முன்னது உண்மை, மதுரைச் சுல்தானும் இவரும் உடன்பிறந்த மகளிரை மணந்தவர்கள். பின்னது அவ்வேளைக்கு உதவிய சொல்.

மன்னன் அப்போது புத்தளத்தில் தங்கியிருந்தான். மர மதிலும் மரக் கொத்தளமும் சூழ்ந்த சிறிய அழகிய நகரம் அது என்கிறார் பதூதா. ஆறுகள் அடித்துவந்த கறுவாமரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக் கூடியவனாய் இருந்தான். வந்தவரை அருகிருத்தி மூன்று நாள் உபசரித்தான்; தூரதேயத்து மன்னரையும் நாடுகளையும் பற்றிக் கேட்டு மகிழ்ந்தான்; தன் கடலில் எடுத்த முத்துக்களை முன்வைத்துக் காட்டி, அவற்றுள் சிலவற்றைப் பரிசாகவும் அளித்தான். மாலுமிகள் கேள்வியால் அறிந்த மன்னன் வேறு. பதூதா நேரிற் கண்ட மன்னன் வேறு. ஒரு நாட்டையோ ஓர் இனத்தையோ பிறர் சொல்லால் அறிவதற்கும், அவர் மனையிலே அமர்ந்து உண்டு அறிவதற்கும் உள்ள தூரம் இவ்விடத்திலே விளங்குகின்றது.

வேண்டுவது யாதென மன்னன் கேட்டபோது பதூதா பொன்னும் மணியும் கேட்டாரில்லை. ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண்பதே இத்தீவுக்கு வந்ததன் பயன் என்றார். அது எளிது என்று இசைந்த மன்னன் செய்த ஏற்பாடு படித்துப் படித்து மகிழத்தக்கது. ஏறிச்செல்ல ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும் அளித்தான். ஆண்டுதோறும் பாதமலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், தன் அவையைச் சேர்ந்தோர் பதின்மர், உணவுப்பொருள் சுமக்க 15 பேர், இத்தனை மாந்தரையும் உடன் அனுப்பினான். கப்பல் தலைவனோ, ஓராண்டு ஆயினும் இவர் திரும்பும்வரை காத்திருப்பேன் என்று துறையிலேயே தங்கினான். மதத்தால் வேறுபட்ட விருந்தினர் ஒருவரின் சமயக் கடப்பாட்டை நிறைவேற்றி வைக்கத் தன் சமயத்து யோகியரையும் அந்தணரையும் அனுப்பிய அம்மன்னன் செயல், விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வாழ்ந்த மொழிக்கு உரிய செயலே ஆகும்.

குழு மூங்கில் தெப்பத்தால் ஆற்றைக் கடந்தது. மன்னன் நாட்டின் எல்லையூரிலே சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் படைத்து மக்கள் விருந்திட்டனர். நோயுற்று அவ்வூரிலேயே தங்கிவிட்ட குராசான் நாட்டு முஸ்லிம் ஒருவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். அப்பால் சிலாபம், அதன் பின் நீரோடை நிறைந்த கரடுமுரடான காடு, யானைகள் மலிந்த இடம். யானைகள் யாத்திரிகரைத் தீண்டுவதில்லை என்று உடன்வந்தோர் கூறினர். முன்னொரு காலத்தில் சீராசு நகரத்துப் பெரியார் இப்னு கபீபு இவ்வழியே வந்தார் என்றும், யானையொன்று அவரைத் தன் முதுகிலேற்றி மக்கள் வாழும் இடத்துக்குக் கொண்டுசேர்த்தது என்றும், அன்று முதல் இந்நாட்டவர் முஸ்லிம் யாத்திரிகரைத் தம் மனைக்குள்ளே தங்கவைத்துத் தம்மோடு உண்பிப்பர் என்றும் ஒரு கதையைப் பதூதா எழுதியுள்ளார். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அவர் கண்ட உபசாரம் மெய்.

அடுத்து அவர்கள் அடைந்தது கொனகர் என்று அவர் குறிக்கும் தலைநகர். அது குருநாகலே என்பர் ஒரு சாரார். மணிகள் மலிந்த இரத்தினபுரிப் பக்கம் என்பர் மற்றொரு சாரார். இரு மலைகளுக்கிடையே, மாணிக்கம் கிடைக்கும் நீர்நிலை ஒன்றின் கரையில் அது இருந்ததாக அவர் வருணிக்கிறார். நகர்ப்புறத்திலே சீராசு நாட்டு சேகு உதுமான் என்பாரின் பள்ளிவாசல் இருந்தது. அவ்வூர் மன்னனும் மக்களும் அவரிடம் மிக்க மதிப்பு வைத்திருந்தனர். பாதமலைக்குச் செல்வோர்க்கு வழிகாட்டுவதே அவர் தொழிலாய் இருந்தது. நாட்டு வழக்கை மீறிப் பசுவைக் கொன்றதற்காக அவர் கையும் காலும் இழக்க நேர்ந்தபின், அவர் மைந்தரும் பணியாளரும் அத்தொழிலை ஏற்றனர். மன்னனோ கடைத்தெரு ஒன்றின் வருமானத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தான். யாத்திரிகரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக் குடும்பம் ஒன்று 14ஆம் நூற்றாண்டிலேயே இம்மலைநாட்டில் இருந்தது என்பதற்கு இது சான்று.

மணிகளைப் பற்றி அவர் எழுதியவை இரத்தினபுரியார்க்குப் புதுமையாகா. மண்ணை அகழ்ந்து வெண்கல்லை எடுத்து, அதனை உடைத்து உள்ளிருக்கும் மாணிக்கத்தைப் பெறுவர் என்றும், செம்மணியும் மஞ்சள்மணியும் நீலமும் உண்டு என்றும், 100 பணத்துக்கு மேல் மதிப்புள்ள மணியை மன்னன் விலைகொடுத்து ஏற்பான், குறைந்தது கண்டெடுத்தவனுக்கே என்றும் கணக்காக எழுதியுள்ளார். மகளிர் யாவரும் பன்னிற மணிமாலை அணிந்திருந்தனராம். மன்னனின் வெள்ளையானை நெற்றியில் கோழிமுட்டையினும் பெரிய மாணிக்கங்கள் ஏழு இருந்தனவாம். இன்றும் இரத்தினபுரி வயல்களிலே குழி தோண்டிச் சேற்றுநீரில் கல்லரித்து நிற்போரைக் காண்போர்க்கு, அவர் வாக்கின் முற்பகுதி மிகை என்று தோன்றாது.

தோட்டத்து மக்கள் படித்தால் சிரித்து மகிழும் பகுதி ஒன்று உண்டு. மரத்திலும் நீரோரப் புல்லிலும் தொங்கிக்கிடந்து, மாந்தர் அணுகியதும் பாய்ந்து ஒட்டிக்கொண்டு குருதி குடிக்கும் பூச்சியைப் பற்றி அவர் எழுதுகிறார். நம்மூர் அட்டையேதான். அதற்கு மாற்றாக மக்கள் தேசிக்காயைக் கையோடு கொண்டு செல்வராம். அதன் சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடுமாம். பின் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவராம். மழைக்காலத்தில் கொழுந்து மலையேறும் பெண்கள் காலில் சவர்க்காரமும் உப்பும் பூசிக்கொண்டு செல்வதை நாள்தோறும் காணும் எனக்கு, இவர் இவ்வழியே வந்தவர்தாம் என்று நம்புதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அரசர் அவைகளில் அமர்ந்தெழுதிய நூல்களில் அட்டைக்கு இடமில்லை.

மலையேற இரு வழிகள் இருந்தன. ஆதமின் பெயரால் பாபா வழி என்பது ஒன்று. அவ்வாவின் பெயரால் மாமா வழி என்பது மற்றொன்று. பின்னது எளிது. ஆனால் அதன்வழி ஏறியவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்படான். இறங்கும்போதே அதனைப் பயன்படுத்துவர். பதூதா கடினமான வழியிலே ஏறினார். செங்குத்தான பாறையில் படிகள் வெட்டி இரும்புச் சங்கிலிகள் பிணைத்திருந்தனர், அவை பத்து. ஏறத்தாழ அரைநூற்றாண்டு முன்னர் இலங்கைக்கு வந்த மார்க்கோ போலோவும் இச்சங்கிலிகளைக் குறித்துள்ளார். பத்தாவது சங்கிலியைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் கலிமாச் சொல்லுவராம். ஆதலின் அதற்குக் கலிமாச் சங்கிலி என்றே பெயர். 7,359 அடி உயரமுள்ள அம்முடியிலே, கரும்பாறையில் 11 சாண் நீளமுள்ள பாதச்சுவட்டைக் கண்டார். யாத்திரிகர் காணிக்கையிடப் பாறையில் ஒன்பது குழிகள் இருந்தன. அவற்றில் கிடந்த சிறுமணிகளையும் பொன்னையும் எடுத்துத் தம் வழிகாட்டிக்கே கொடுத்துவிட்டார். வழக்கப்படி மூன்று நாள் மலைக்குகையில் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைக் கண்டு இறங்கினார்.

அம்மலையின் பெருமை யாது? சைவர் அதனைச் சிவனொளிபாதம் என்பர். பௌத்தர் புத்தபிரானின் திருவடி பதிந்த சிறீபாதம் என்பர். தமிழ் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். கிறித்தவருள் சிலர் புனித தோமையாரோடு தொடர்புபடுத்துவர். பதூதா வருவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே முதலாம் விசயபாகு மன்னன் இம்மலைக்குச் செல்லும் வழிகளில் யாத்திரிகர் தங்க மடங்கள் அமைத்தான். இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலே என்னும் ஊரை அவர்தம் உணவுக்கென விட்டான். அவன் ஒரு சமயத்து மன்னன். அவ்வழியே நடந்தவரோ பல சமயத்தினர். பாதம் யாருடையது என்பதில் ஒத்துப்போகாத மக்கள், பாதையைப் பொதுவில் வைத்துக்கொண்டனர். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறும் பாதை இன்றும் நல்லதண்ணிப் பாதையினும் நீண்டது, கடினமானது. மார்கழி முழுநிலவு தொடங்கி வைகாசி முழுநிலவு வரை நிகழும் பருவத்திலே, அப்பாதையில் முன்னேறுவோர்க்கு இறங்குவோர் வாழ்த்துச் சொல்லிச் செல்வதைக் காணலாம். எதிரே வருபவர் மொழி யாது, மதம் யாது என்று கேட்டபின் வாழ்த்துவோர் அங்கே இலர்.

மலையிலிருந்து இறங்கிய குழு தென்கரையிலுள்ள தெய்வந்துறைக்குச் சென்றது. அங்கே ஆயிரம் அந்தணரும் யோகியரும் பணிபுரியும் பெருங்கோயிலைப் பதூதா கண்டார். தென்னாவரை நாயனார் எனத் தமிழில் வழங்கிய இறைவன் கோயில் அது. 1588இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். ஆயினும் அதன் பெயர் அழியவில்லை. சீனத் தளபதி செங் கோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய கல்லொன்று 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழி எழுத்துகள் உள. புத்தருக்கும், தென்னாவரை நாயனாருக்கும், அல்லாவுக்கும் ஒருங்கே காணிக்கை கூறப்படுகின்றது. பதூதா கண்ட இலங்கை எத்தகையது என்பதற்கு, அவருக்கு 65 ஆண்டு பின்னெழுந்த அக்கல்லே சாட்சி. காலி, கொழும்பு வழியாக அவர் புத்தளம் மீண்டபோது கப்பல் தலைவன் சொன்னபடியே காத்திருந்தான்.

அப்பால் மஅபர்க் கரையை நெருங்குகையில் கப்பல் உடைந்தது. அவர் உயிர் தப்பினார். மதுரைச் சுல்தான் கியாத்துத்தீன் தம் உறவினன், தம் மதத்தினன். பதூதாவை அவன் வரவேற்றான். ஆனால் அவன் பாளையத்தில் அவர் கண்டவை வேறு. போரில் பிடிபட்ட மக்களை, பெண்டிர் சிறார் என்றும் பாராது, அவன் கழுவேற்றினான். உணவுக்கு அமர்ந்திருக்கையில் ஒரு குடும்பத்தையே வெட்டுமாறு அவன் பணிக்க, பதூதா தொழுகையைக் காரணமாகச் சொல்லி எழுந்து சென்றார். இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னனும் செய்யக் கேட்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவாக்கினான் என்றும் தம் நூலில் எழுதிவைத்தார். வேற்று மதத்து மன்னன் செய்த நன்மையை நன்மை என்றும், உறவினன் செய்த தீமையைத் தீமை என்றும் எழுதிய அந்த நேர்மையே அவர் வரலாற்றில் யான் பெரிதும் போற்றுவது. மதுரையிலே கொள்ளைநோய் பரவியபோது அவரும் காய்ச்சலுற்றார். புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார் என்ற செய்தி நம் சமையலறையின் பெருமையையும் சேர்த்துச் சொல்கின்றது.

கொல்லத்திலிருந்து வடக்கே சென்றபோது கடற்கொள்ளையர் 12 கப்பல்களில் வந்து வளைத்தனர். இலங்கையிலே பெற்ற முத்தும் மாணிக்கமும், உடுத்த உடையும், எழுதிய குறிப்புகளும் பறிபோயின. கரையேறியபோது அவரிடம் எஞ்சியது அரையில் கட்டிய ஆடை ஒன்றே. அதன் பின்னரும் வங்காளம், சுமாத்திரா வழியாகச் சீனம் வரை சென்றார். திரும்பும் வழியில் 1348இல் சிரியாவைப் பெருங்கொள்ளைநோய் வாட்டக் கண்டார். தந்தையார் 15 ஆண்டு முன்னரே இறந்த செய்தியைத் தமாசுக்கசில் அறிந்தார். 1349இல் தாய்நாடு திரும்பியபோது, தாயாரும் சில திங்கள் முன்னர் அந்நோயால் மறைந்திருந்தார். உலகெல்லாம் விருந்துண்டவருக்குச் சொந்த மனையிலே எதிர்கொள்ள அன்னை இல்லை.

பின்னர் கிரனாடாவையும், சகாராப் பாலையைக் கடந்து மாலி நாட்டையும் கண்டுவந்தார். மொரோக்கோ மன்னன் அபூ இனான் பணித்தபடி, அவர் வாயாற் சொல்ல, இப்னு சுசை என்னும் புலவர் எழுத, 1355ஆம் ஆண்டு திசம்பரில் பயணநூல் நிறைவுற்றது. அவர் சென்ற தூரம் ஏறத்தாழ 73,000 மைல் எனக் கணக்கிட்டோர் உளர். இறுதிக் காலத்தில் மொரோக்கோவிலே காதியாராகப் பணியாற்றி, 1368 அல்லது 1369இல் மறைந்தார். அவர் நூல் 19ஆம் நூற்றாண்டிலேதான் ஐரோப்பிய அறிஞரால் பரவலாக வெளிவந்தது. 1829இல் ஆங்கிலச் சுருக்கமும், 1853 முதல் 1858 வரை அரபு மூலத்தோடு பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் தோன்றின. சில பகுதிகளை அவர் நேரிற் கண்டிலர், பிறர் நூலிலிருந்து எடுத்தார் என்று ஐயுறும் அறிஞரும் உளர். சீனப் பகுதி அவ்வையத்துக்கு இலக்கானது. குறிப்புகளை இழந்து, பத்தாண்டு கழித்து நினைவினின்று சொன்ன நூலில் பிழை இருத்தல் இயல்பே. முத்தையும் மாணிக்கத்தையும் கொள்ளையர் கொண்டுபோயினர். தேசிக்காயையும் அட்டையையும் பத்தாவது சங்கிலியையும் அவர்களாற் கொண்டுபோக முடியவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை யான் சொல்வதுண்டு. ஒருமுறை, கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் மகள் எழுந்து, சோற்று மூட்டை சுமந்த அந்தப் பதினைந்து பேரின் பெயர் நூலில் உண்டா என்று வினவினாள். இல்லை என்றேன். பல்லக்குச் சுமந்தோர் பெயரும் இல்லை. யோகியர் பெயரும் இல்லை. மன்னர் பெயர் உண்டு. பள்ளிவாசல் பெரியார் பெயர் உண்டு. கப்பல் தலைவன் பெயரும் உண்டு. வழியை அறிந்தவரும் சுமையைச் சுமந்தவரும் எண்ணிக்கையாக மட்டுமே நின்றுவிட்டனர். அவள் கேட்ட கேள்வி அவள் குலத்தின் கேள்வி என்பதை யான் உணராமல் இல்லை.

19ஆம் நூற்றாண்டிலே அவள் முன்னோரும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாடு நோக்கி நடந்தனர். அவர்களுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தான்; அவனைக் கங்காணி என்றனர். ஆனால் அபயம் அளிக்க மன்னன் இல்லை; ஊர்தோறும் நெய்ச்சோறு படைப்பார் இல்லை. காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர்க்குக் கல்லறை இல்லை. பதூதாவின் கையில் இருந்தது மன்னன் தந்த அபயம். இவர்களைப் பிணித்ததோ கடன் சுமத்திய துண்டுச் சீட்டு. அத்துண்டு முறை 1921இல்தான் நீக்கப்பட்டது. காட்டை அழித்துக் கோப்பியும், பின் தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களுள் மிகப் பலரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர் செய்த ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது. சில நாள் தங்க வந்த அயலார்க்கு அன்று 32 துணைவரும் பல்லக்கும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாய் உழைத்தோர்க்கு ஒரு சீட்டுக் கிடைக்க அரைநூற்றாண்டு கடந்தது.

இதனை யாரையும் பழித்தற்பொருட்டு எழுதினேனல்லேன். இத்தீவின் இயல்பு எது என்பதே என் வினா. புத்தளத்துத் தமிழ் மன்னனும், கிலிமலே ஊரை ஈந்த சிங்கள மன்னனும், வழியூர்களிலே விருந்திட்ட பெயரறியா மாந்தரும் காட்டிய இயல்பும் இத்தீவினுடையதே; அது வெளியிலிருந்து கற்கவேண்டிய பாடமன்று.

அயல்நாடு காணச் செல்லும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் யான் வேண்டுவது ஒன்றுண்டு. கண்ட கோயிலையும் கோபுரத்தையும் எழுதுங்கள். அவற்றோடு, வழிகாட்டியவர் யார், வண்டி செலுத்தியவர் யார், சோறு ஆக்கியவர் யார் என்று அவர்தம் பெயரையும் கேட்டு எழுதுங்கள். இப்னு பதூதா தம் பெருநூலில் விட்டுச்சென்ற இடம் அது. அவ்விடத்தை நிரப்பும் கடமை, அவர் ஏறிய மலையின் அடிவாரத்திலே வாழும் நமக்கே முதலில் உரியது.